ஏழு வயது மகளுக்குப் பேனா டேப்லெட்டில் படம் வரையச் சொல்லித் தருவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நெல்லைக்காரன்

வணக்கம். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சுவர், தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம், பால் கணக்கு நோட்டு, எதையும் விட்டுவைத்ததில்லை. இவ்வளவு ஆசையாக வரைகிறாளே என்று மூன்று மாதத்துக்கு முன் ஒரு பேனா டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன். திரை இல்லாத வகை. மேசையில் சிலேட்டு மாதிரி கிடக்கும், அதன்மேல் பேனாவால் வரைந்தால் லேப்டாப் திரையில் கோடு விழும். மூவாயிரத்துச் சொச்சம் ஆனது.

முதல் வாரம் சாப்பிடக் கூப்பிட்டால்கூட எழுந்து வரவில்லை. அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு வட்டமே வர மாட்டேங்குதுப்பா, எல்லாம் முட்டையா வருது” என்றாள். தாளில் நல்ல வட்டம்தான் போடுகிறாள். இதில் மட்டும்தான் படுத்துக் கிடக்கும் முட்டை. இப்போது வரைவதையே விட்டுவிட்டு, அம்மா போனில் வண்ணம் நிரப்பும் ஆப்பைத் திறந்து தட்டிக்கொண்டிருக்கிறாள். யாரோ வரைந்து வைத்த குதிரை. இவள் விரல் பட்டால் வண்ணம் நிறைகிறது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஓவிய வகுப்புக்கும் போகிறாள். அங்கே மாஸ்டர், பன்னிரண்டு வயது வரை மெஷினே கூடாது என்கிறார். எனக்குப் படம் வரையத் தெரியாது. நான்தான் அவசரப்பட்டுவிட்டேனா? வாங்கியதை மூட்டை கட்டி வைத்துவிடலாமா? இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர ஏதாவது வழி இருக்கிறதா?

கோடம்பாக்கம் கோடு

அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். முதலில் அந்த முட்டையைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். லேப்டாப்போடு இன்னொரு மானிட்டர் சேர்த்து வைத்திருக்கிறீர்களா?

நெல்லைக்காரன்

ஆமாம் சார். ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறேன். அதற்கும் இதற்கும் என்ன?

கோடம்பாக்கம் கோடு

அதேதான் காரணம். பலகையின் பரப்பு முழுவதையும், கணினியில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் உங்கள் இரண்டு திரைக்கும் சேர்த்து விரித்துவிட்டது. கை குறுக்கே ஓர் அங்குலம் போனால் திரையில் கோடு இரண்டு பங்கு ஓடும். மேலும் கீழும் அப்படி ஓடாது. பிள்ளை வட்டம்தான் போட்டிருக்கிறாள், கருவி அதைப் படுக்க வைத்துவிட்டது.

டேப்லெட்டோடு வந்த டிரைவர் மென்பொருளைத் திறந்து, இரண்டு திரையில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே நீள அகல விகிதம் மாறாமல் வைக்கும் ஒரு டிக் பெட்டி இருக்கும், அதையும் போடுங்கள். பலகையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் வேலை செய்யாமல் போகும், பரவாயில்லை. சரியாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு வளையலைப் பலகை மேல் வைத்து உள்பக்கமாகப் பேனாவை ஓட்டுங்கள். திரையில் வட்டம் வந்தால் சரி. ஸ்டுடியோவில் புதுக் கருவி வந்து இறங்கினால் நாங்களும் இதைத்தான் செய்வோம், வளையலுக்குப் பதில் செல்லோடேப் உருளை.

இன்னொரு தொல்லையும் இருக்கலாம். விண்டோஸில் பேனாவை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சின்ன வளையம் ஒன்று தோன்றும், அது வலது கிளிக். சின்னப் பிள்ளைகள் கோட்டை மெதுவாக, அழுத்தித்தான் தொடங்குவார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த வளையம் குறுக்கே வந்தால் கோடு தாமதமாக விழும். பேனா அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள். பலகை வழவழவென்று இருந்தால் மேலே ஒரு ஏ4 தாளை ஒட்டிவிடுங்கள். தாளுக்கு மேலிருந்தும் பேனா வேலை செய்யும், பேனா தாளில் உரசிப் போகும் உணர்வும் கைக்குக் கிடைக்கும்.

இதெல்லாம் முடிந்த கையோடு, தப்பு அவள் கையில் இல்லை என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். மறந்துவிடாதீர்கள்.

நெல்லைக்காரன்

சார், என்ன சொல்வதென்றே தெரியவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் அம்மாவின் கண்ணாடி வளையல் ஒன்றைப் பலகையில் வைத்தேன். அமைப்பை மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டச் சொன்னேன். திரையில் முட்டைதான் வந்தது. வளையலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், திரும்ப வளையலைப் பார்த்தாள். “வளையலுக்கும் வட்டம் வரலப்பா” என்றாள். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். மூன்று மாதமாகத் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள், நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து, “இன்னும் நல்லா முயற்சி பண்ணு பாப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாற்றிய பிறகு வட்டம் வந்தது. அடுத்து வளையல் இல்லாமல் ஒன்று போட்டாள். கொஞ்சம் கோணல், ஆனால் வட்டம். இப்போது அதற்கு மீசை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

தஞ்சை ஓவிய வாத்தியார்

படிக்கும்போதே மனசு கனத்துப் போனது. நான் 2012இல் அரசுப் பள்ளிகளில் சேர்ந்த பகுதிநேர ஓவிய ஆசிரியர்களில் ஒருவன். வாரத்தில் மூன்று அரைநாள், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை. பள்ளியில் ஹைடெக் லேப் வந்த பிறகு, பொறுப்பாசிரியரிடம் கேட்டு, காலியான பீரியடில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஏழு வயது என்பது தனி வயது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக்கல்வி போதித்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இலேயே இதை வகுத்து எழுதிவிட்டார். ஏழிலிருந்து ஒன்பது வரை பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தமக்குத் தெரிந்ததை வரைகிறார்கள். அடியில் ஒரு தரைக்கோடு, மேலே பட்டையாக வானம், நடுவில் வெறும் இடம். அம்மா வீட்டைவிடப் பெரிதாக இருப்பாள். சுவர் வழியே உள்ளே அடுப்பும் தொட்டிலும் தெரியும். இதைத் திருத்தக்கூடாது. “வானம் தரை வரைக்கும் வருமே” என்று நாம் சொன்னால் பிள்ளை நம் வானத்தைத்தான் போடும், அதோடு கதை முடிந்தது. கணினியானாலும் தாளானாலும் இந்த வயதில் நம் வேலை, பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பது மட்டும். “இந்த ஆள் எங்க போறார்? கையில என்ன வச்சிருக்கார்?” நீங்கள் படம் வரையத் தெரியாது என்கிறீர்கள். கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும் சார்.

மென்பொருளுக்கு வருகிறேன். இந்த வயதுக்கு டக்ஸ் பெயிண்ட் போதும். 2002இல் வந்தது, மூன்று முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கென்றே செய்த இலவச மென்பொருள். தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். கோப்புக்குப் பெயர் வை, எந்த ஃபோல்டர் என்றெல்லாம் கேட்டுப் பிள்ளையைத் திணறடிக்காது. சேமித்த படங்கள் சின்னச் சின்னப் படமாகவே வரிசையாக நிற்கும். ஆனால் ஒன்று கவனியுங்கள். கணினியில் நிறுவும்போது முத்திரைப் படங்கள் தனிப் பொதியாக இருக்கும். அதை நிறுவவே வேண்டாம். ரெடிமேட் பூனை, ரெடிமேட் ரயில் என்று தட்டித் தட்டி ஒட்டத் தொடங்கினால் பேனாவைத் தொடமாட்டார்கள். உங்கள் மகள் போனில் குதிரைக்கு வண்ணம் தட்டுவதும் இந்த வகைதான். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. தன் வட்டம் முட்டையாகும் இடத்தைவிட, தொட்டதும் அழகாகும் இடத்துக்குத்தானே போவாள்.

லேபில் என் வழக்கம் இது. முதல் பத்து நிமிஷம் கணினியைத் தொடக்கூடாது. ஒரு பொருளைக் கையில் கொடுப்பேன். ஒருநாள் செம்பருத்தி, ஒருநாள் பூட்டு, ஒருநாள் பிய்ந்த ரப்பர் செருப்பு. திருப்பிப் பார்க்கச் சொல்வேன், கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொல்வேன். அப்புறம் ஒரே நிறம், ஒரே தூரிகை. அடுத்த பத்து நிமிஷத்துக்கு, போட்ட கோட்டை மறைக்கும் செயல்நீக்கு (அன்டூ) பொத்தானைத் தொடக்கூடாது. தப்பாகப் போன கோடு அங்கேயே இருக்கட்டும், பக்கத்தில் இன்னொரு கோடு போடு என்பேன். தாளில் ரப்பரால் அழித்தாலும் தடம் கொஞ்சம் மிஞ்சும். அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் அடுத்த கோட்டைச் சரியாக வைப்போம். கணினியில் ஒரு தட்டில் எல்லாமே மறைந்துவிடுவதால், பிள்ளை அதே தப்பை அதே இடத்தில் இருபது தடவை போடும். இதை என் கண்ணால் பார்த்தபிறகுதான் இந்த விதியை வைத்தேன்.

வெள்ளைத்தாள்

வாத்தியார் சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மாஸ்டர் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் இருபத்தைந்து வருஷமாக வீட்டில் வகுப்பு எடுக்கிறேன்.

ஐந்து வயதுப் பிள்ளை கிரேயானை அழுத்தினால் அது ஒடிகிறது. எவ்வளவு அழுத்தினால் ஒடியும் என்று விரல் கற்றுக்கொள்கிறது. மஞ்சள் மேல் நீலத்தைத் தேய்த்தால் பச்சை வருகிறது. திரையில் என்ன ஆகிறது? சாதாரண தூரிகையில் நீலம் மஞ்சளை மூடிவிடும், பச்சை வராது. திரையே வெளிச்சத்தால் ஆனது, அதில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். வாட்டர்கலரில் அதே இரண்டைக் கலந்தால் சேறு. இந்த இரண்டு கணக்கையும் ஒரே சமயத்தில் ஏழு வயதுப் பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளும்? களிமண், மணல், கோலப்பொடி எல்லாம் கையில் பட்டிருக்க வேண்டும். விரல் நுனியில் மாவு எவ்வளவு விட்டால் கோடு எவ்வளவு தடிமன் என்று தெரிந்த பிள்ளைக்கு எந்தப் பேனாவும் வசப்படும். திரையிலிருந்து தொடங்கிய பிள்ளைக்குத் திரும்பி மண்ணுக்கு வருவது கஷ்டம். அப்படிப்பட்டவர்கள் என் வகுப்புக்கு வருகிறார்கள். தாளில் கோடு தவறினால் இரண்டு விரலால் தாளைத் தட்டுகிறார்கள், அழியும் என்று. பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

தஞ்சை ஓவிய வாத்தியார்

ஐயா, நீங்கள் சொன்ன வரிசை சரி. மண் முதலில், மாவு முதலில், கிரேயான் முதலில். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஆனால் தாளிலும் முத்திரை குத்துகிறோமே. இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு பறவை. வயலும் வாய்க்காலும் தவிர வேறெதுவும் தெரியாத எங்கள் ஊர்ப் பிள்ளைகள், ஒரு மலையைக்கூட நேரில் பார்க்காதவர்கள், இயற்கைக் காட்சி என்றால் இதைத்தான் போடுகிறார்கள். போட்டிக்கு மனப்பாடம் செய்த படம். இதைச் சொல்லிக் கொடுத்தது எந்த ஆப்பும் அல்ல, நாம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு வண்ணப் பென்சில் பெட்டியை நாலு பேர் பகிர்ந்துகொள்வார்கள். சிவப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று சேவலின் கொண்டைக்கு மட்டும் சிவப்பு வைப்பான் ஒரு பையன். லேபுக்கு வந்த முதல் நாள் சேவல் முழுவதையும் சிவப்பாக்கினான், அது நின்ற குப்பைமேட்டையும் சிவப்பாக்கினான், வானத்தையும். பெல் அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வண்ணம் தீராது என்பது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

யாழ்ப்பாணத்து அம்மா

இங்க டேப்லெட்டும் இல்ல, கணினியும் இல்ல. என்ர ஃபோன் மட்டும்தான். மகனுக்கு ஒன்பது வயசு, பள்ளிக்கூடத்தில சித்திரம் எண்டால் உயிர். கொப்பியில பென்சிலால கீறுவான், நான் அதைப் படம் எடுத்து, ஐபிஸ் பெயிண்ட் எண்ட படம் கீறுற ஆப்பில அடியில வைப்பன். அதுக்கு மேல கண்ணாடித் தாள் மாதிரிப் புது லேயர் ஒண்டைத் திறந்து, தன்ர கோட்டுக்கு மேலயே விரலால நிறம் தீட்டுவான். வேற ஆக்களின்ர படத்தைக் கீழ வைச்சுக் கொப்பி பண்ண விடுறதில்ல, தன்ர படத்தை மட்டும்தான். விளம்பரம் வந்து குழப்பும் எண்டு டேட்டாவை நிப்பாட்டிப் போட்டுத்தான் குடுப்பன்.

அந்த ஆப்பில ஒரு நல்ல விஷயம் இருக்கு. படம் கீறினதை முதலிலயிருந்து கடைசி வரைக்கும் வீடியோவாக ஓட்டிக் காட்டும். போன கிழமை ஆட்டுக்குட்டி ஒண்டு கீறினவன். கண் சரிவரேல்ல எண்டு திரும்பத் திரும்ப அழிச்சு அழிச்சுப் போட்டு, கடைசியில அழுதும் போட்டான். ராவு அந்த வீடியோவை ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தம். கண் வரும், போகும், வரும், போகும். பதினாலு தரம், நான் எண்ணினனான். திடீரெண்டு நிப்பாட்டச் சொன்னான். “அம்மா, நான் முதல் போட்டதுதான் நல்லா இருந்திருக்கு” எண்டான்.

வாத்தியார் சொன்ன பத்து நிமிஷ விதியை நாளைக்கே இங்கயும் கொண்டு வரப்போறன்.

கோடம்பாக்கம் கோடு

அக்கா, இதை நான் சேமித்து வைத்துக்கொள்கிறேன். எங்களிடம் வேலைக்கு வரும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான்.

வெள்ளைத்தாள் ஐயா சொன்ன வண்ணக் கலவை உண்மை. கிரீட்டா என்ற இலவச மென்பொருளில் ஈர வண்ணம் மாதிரி இழுபடும் தூரிகைகள் உண்டு, ஆனால் அது பத்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு. பட்டன்கள் அதிகம், பழைய லேப்டாப்பில் திணறவும் செய்யும். அதில் கோட்டை வழவழப்பாக்கும் ஒரு வசதி இருக்கிறது. கை நடுங்கினாலும் கோடு நூல் பிடித்த மாதிரி வரும். பெரியவர்களுக்கு உதவும், பழகும் பிள்ளைக்கு அதை அணைத்துவிடச் சொல்வேன். தன் கை எப்படிப் போகிறது என்று அதற்குத் தெரியவேண்டும்.

பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் அப்படித்தான். என் சொந்த அக்கா மகன், பதினொரு வயது, ஒருநாள் மாடு வரைந்தான். கண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, இமை மயிர் ஒவ்வொன்றாக, முக்கால் மணி நேரம். அவ்வளவு அழகான கண். சின்னதாக்கிப் பார்த்தால் அந்தக் கண் தாளின் வலது ஓரத்தில் இருக்கிறது, மாட்டுக்கு மூக்கு வைக்க இடமே இல்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: மாடு முழுசாகத் தாளுக்குள் வந்து நின்ற பிறகுதான் பெரிதாக்கலாம்.

ஒன்பது பத்து வயதில் பிள்ளைகள் “நிஜம் மாதிரி வரல” என்று பென்சிலையே தூக்கிப் போடுகிற காலம் ஒன்று வரும். அப்போது அசைவைக் காட்டுங்கள். பென்சில்2டி என்று இலவசமாக ஒன்று இருக்கிறது. முந்தைய படம் வெங்காயத் தோல் மாதிரி அடியில் மங்கலாகத் தெரியும், அதைப் பார்த்து அடுத்ததைச் சற்றுத் தள்ளி வரையலாம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், நாங்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி 12 படம் வரைவோம். பிள்ளைக்கு எட்டுப் படம் போதும். பந்து தரையில் பட்டு எழும்புவதைத் தானே வரைந்து, அது ஓடுவதைப் பார்த்துவிட்டால், நிஜம் மாதிரி இருக்கிறதா என்ற கவலையெல்லாம் எங்கேயோ போய்விடும்.

கண் பரிசோதகர்

ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். போனில் வரையும் பிள்ளை முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். நெல்லை அப்பா வாங்கியிருக்கும் திரையில்லாத பலகையில் கண் லேப்டாப் திரையைப் பார்ப்பதால் தூரம் தானாகவே கிடைக்கிறது. அந்த வகையில் அது நல்லது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடிக்கு அப்பால் இருக்கும் எதையாவது இருபது நொடி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முதல் நாலு வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டவேண்டாம், குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். சின்னத் தம்பி தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் வெளியே விளையாடும் நேரத்தைக் குறைத்து இதற்குக் கொடுக்காதீர்கள்.

தாம்பரம் கணக்கு டீச்சர்

ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது, பேத்திக்கு எட்டு வயது. நீங்கள் எல்லோரும் கோலத்தைத் தொட்டும் தொடாமலும் போகிறீர்களே, எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் தாம்பரத்தில், சென்னை கிறித்தவக் கல்லூரியில், கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுத முடியும், அதைக் கணினிக்குப் புரியும்படி சொல்ல முடியும் என்று காட்டியவர்கள். வீட்டு வாசலில் தினமும் போடும் விஷயம் கணினி வரைகலை ஆய்விதழில் இடம் பிடித்தது அப்படித்தான்.

பேத்திக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். டக்ஸ் பெயிண்டில், வண்ணப் புத்தகம் மாதிரி கோட்டுப் படம் வைத்துத் தொடங்க ஒரு வசதி இருக்கிறது. அதில் நாமே செய்த படத்தையும் போடலாம். பின்னணி இல்லாத பிஎன்ஜி படக் கோப்பில் வெறும் புள்ளிகளை மட்டும் வைத்து, அந்தக் கோட்டுப் படங்கள் இருக்கும் ஃபோல்டரில் போட்டுவிட்டேன். 5 புள்ளி, 1 முடிய, நேர்ப்புள்ளி: நடு வரிசையில் 5, மேலேயும் கீழேயும் 3, 1 என்று குறையும், மொத்தம் 13. பிள்ளை எவ்வளவு அழித்தாலும் புள்ளி அழியாது, அதுதான் இதில் வசதி. விதி இரண்டே இரண்டு: கோடு புள்ளியைத் தொடக்கூடாது, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும்.

அதே மென்பொருளில் கலைடாஸ்கோப் என்று ஒரு மாயக் கருவி இருக்கிறது. ஒரு பக்கம் வரைந்தால் மற்றப் பக்கங்களிலும் தானே விழும். அதை உடனே காட்டிவிடாதீர்கள். முதலில் மாவால் வாசலில் ஒன்று, அப்புறம் நோட்டில் ஒன்று, அப்புறம்தான் இது. திறந்த பிறகும் சும்மா விடாமல், “நீ இங்கேருந்து இடது பக்கமா இழுத்தா, அங்க எந்தப் பக்கம் போகும்?” என்று முதலில் விரலால் காட்டச் சொல்வேன். பேத்தி முதல் நாள் நாலில் மூன்றைத் தப்பாகக் காட்டினாள். இப்போது என்னைக் கேட்கிறாள், நான்தான் தயங்குகிறேன்.

முப்பத்தொரு வருஷம் சமச்சீரைக் கரும்பலகையில் நடத்தினேன். இந்தக் கேள்வியை இத்தனை ஆசையாக எந்த வகுப்பும் கேட்டதில்லை.

புதியவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இப்போதுதான் ஒரு வரி எழுதினால் ஏஐ படமே போட்டுக் கொடுத்துவிடுகிறதே, பிள்ளைகள் இவ்வளவு சிரமப்பட வேண்டுமா?

கோடம்பாக்கம் கோடு

நல்ல கேள்விதான் தம்பி, எங்கள் வேலையிடத்திலும் தினமும் பேசுவதுதான். ஆட்டுக்குட்டி வரையும் பிள்ளையைப் பக்கத்திலிருந்து பார். காது கொம்புக்குக் கீழே இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா என்று யோசித்து நிறுத்தும். வால் மேலே நிற்குமா தொங்குமா என்று கேட்கும். தெரியவில்லை என்றால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரும். அடுத்த தடவை தெருவில் ஆட்டைக் கண்டால் நின்று பார்க்கும். எழுதி வாங்கிய படத்தில் அந்தப் பிள்ளை எழுந்து போகவேண்டிய அவசியமே வருவதில்லை. ஏழு வயதில் எனக்கு வேண்டியது அந்த எழுந்து போவதுதான்.

நெல்லைக்காரன்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும், நடந்ததையும் சொல்ல வேண்டும்.

டக்ஸ் பெயிண்டைத் தமிழில் போட்டோம், முத்திரைகள் இல்லாமல். அம்மா போனிலிருந்து வண்ணம் தட்டும் ஆப்பை எடுத்துவிட்டோம். முதல் இரண்டு நாள் அழுகை, மூன்றாம் நாள் கேட்கவில்லை. வாத்தியார் சொன்ன மாதிரி பத்து நிமிஷம் பொருளைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேனாவைக் கொடுக்கிறேன். நான் வரைவதில்லை, திருத்துவதில்லை, கேள்வி மட்டும். எவர்சில்வர் சொம்பு வரைந்த அன்று, “சொம்புக்குள்ள நான் இருக்கேம்ப்பா, குண்டா இருக்கேன்” என்று சொல்லி, சொம்பின் வயிற்றுக்குள் தன் முகத்தையும் வரைந்தாள். நாற்பது வருஷமாகச் சொம்பில் தண்ணீர் குடிக்கிறேன், அதில் என் முகம் தெரிவதைக் கவனித்ததே இல்லை.

வெள்ளைத்தாள் ஐயாவுக்கு: வாரத்தில் மூன்று நாள்தான் பலகை, மற்ற நாள் கிரேயானும் களிமண்ணும். சனிக்கிழமை வகுப்பையும் நிறுத்தவில்லை. மாஸ்டரிடம் இந்த இழையைக் காட்டினேன், படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் செம்பருத்தி கொண்டுவந்து வைத்திருந்தாராம்.

டீச்சரம்மா, புள்ளிக் கோப்பு செய்துவிட்டேன். அம்பாசமுத்திரத்திலிருந்து என் அம்மா வந்திருந்தார். மகள் திரையில் புள்ளியைச் சுற்றி வளைப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “கோட்ட நிறுத்தி நிறுத்திப் போடாத, மூச்ச விடுற மாதிரி ஒரே இழுப்பா இழு” என்றார். விடிகாலையில் பேத்தியை எழுப்பி வாசலுக்குக் கூட்டிப்போய் அதே 13 புள்ளியை மாவால் வைக்கச் சொன்னார். ஒரு புள்ளி கோணலாகப் போனது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சி காலால் தேய்த்துவிட்டு, “இன்னொண்ணு வை” என்றார்.

நேற்று என் அண்ணன் மகன் வந்தான், ஆறு வயது. பலகையைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டான். மகள் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, “இரு, மொதல்ல வளையல் வச்சுப் பாக்கணும்” என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து அந்தக் கண்ணாடி வளையலை எடுத்து வைத்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவனுக்கு இடம் விட்டாள்.

ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். தாள் ஒட்டி வரைவதாலோ என்னவோ, பேனா முனை ஒரு பக்கம் தேய்ந்து கூராகிவிட்டது. புதுப் பேனா வாங்க வேண்டுமா?

கோடம்பாக்கம் கோடு

வேண்டாம். தாள் ஒட்டினால் முனை சீக்கிரம் தேயும், அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. டேப்லெட் வந்த பெட்டியைத் தேடிப் பாருங்கள், சின்ன பிளாஸ்டிக் பையில் மாற்று முனைகள் இருக்கும், கூடவே பழைய முனையைப் பிடுங்க ஒரு குட்டி வளையமோ கவ்வியோ இருக்கும். பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நேராகச் செருகினால் போதும். மகளையே செய்யச் சொல்லுங்கள்.